கூரைத் தண்ணீர் எங்கே போகிறது?

மழை பெய்கிறது. கூரையில் விழுந்த தண்ணீர் ஓரத்து வாய்க்காலுக்கு வரவேண்டும். அங்கிருந்து குழாயில் இறங்க வேண்டும். பிறகு தொட்டிக்கோ, உறிஞ்சு குழிக்கோ போகவேண்டும். இதுதான் முறை.

பல வீடுகளில் நடப்பது என்ன? வாய்க்கால் நிறையச் சருகு. குழாயின் வாயில் மண். தண்ணீர் வழிந்து சுவரில் இறங்குகிறது. சுவர் ஊறுகிறது, பூச்சு உதிர்கிறது. மிச்சத் தண்ணீர் தெருவில் ஓடிச் சாக்கடையில் கலக்கிறது. மறுநாள் காலையில் அதே வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகிறார்கள்!

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. காரணம் இருக்கிறது.

மூன்று தண்ணீர்

இந்த வட்டாரத்துக்கு மூன்று வழியில் தண்ணீர் உண்டு: ஆற்றுத் தண்ணீர், நிலத்தடித் தண்ணீர், மழைத் தண்ணீர்.

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. வரும் வழியில் பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு நீரும் அதில் கலக்கிறது. அணையிலிருந்து விடும் தண்ணீரில் வெள்ளை நுரை பொங்கியதை ஊர் மக்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

நிலத்தடித் தண்ணீர் எப்படி? இது பாறை பூமி. பாறையில் உள்ள புளோரைடு என்னும் உப்பு பல இடங்களில் கிணற்று நீரில் கரைந்துவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் அது ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அளவு மீறினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. அளவு மிகவும் கூடிய தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் எலும்பும் கெடுகிறது. காய்ச்சினால் போய்விடுமா? போகாது! தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும்.

இந்தக் கேட்டைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ம் ஆண்டில் அது தொடங்கி, கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. பெரிய உதவிதான். ஆனாலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடுகள் இன்னும் உண்டு.

மூன்றாவது மழைத் தண்ணீர். அதில் பாறையின் உப்பு இல்லை. பக்கத்து ஊரின் சாக்கடை இல்லை. அதைக் கெடுப்பது நமது கூரையின் அழுக்கு ஒன்றுதான்.

ஒரு மழைக்கு எத்தனை குடம்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி வீடு ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு நல்ல மழை 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,100 லிட்டருக்கு மேல் விழுகிறது! 15 லிட்டர் குடத்தில் எழுபது குடத்துக்கு மேல். வாய்க்கால் அடைத்திருந்தால் இந்த எழுபது குடமும் போவது சுவருக்கும் சாக்கடைக்கும்தான்.

யார் வேலை?

2003-ம் ஆண்டில் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. புது வீடு, பழைய வீடு எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்று. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. குழி வந்தது. சட்டம் குழாயை வைக்கச் சொல்லும்; அடைத்த சருகை யார் அள்ளுவது?

ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் குடும்பங்கள் பல, வாடகை வீட்டில் இருக்கின்றன. "வீட்டுக்காரர் பார்க்கட்டும்" என்கிறார் குடியிருப்பவர். "குடியிருப்பவர் பார்க்கட்டும்" என்கிறார் வீட்டுக்காரர். நடுவிலே சுவர் ஊறுகிறது!

நியாயம் இதுதான்: உடைந்ததை மாற்றும் செலவு வீட்டுக்காரருடையது. அடைந்ததை அள்ளும் வேலை குடியிருப்பவருடையது. வரிசை வீடுகளில் மாதம் ஒரு குடும்பம் முறை வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

மே மாதக் கோடை மழைக்கு முன் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை வாய்க்காலைக் கட்டாயம் சுத்தம் செய்ய வேண்டும். மாமரம், புங்கமரம் கூரைக்கு மேலே கவிந்திருந்தால் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். மொட்டை மாடி வீட்டில் தண்ணீர் இறங்கும் ஓட்டையைப் பார்த்தால் போதும்.

சருகை அள்ளிய பிறகு ஒரு குடம் தண்ணீரை வாய்க்காலின் மேல் முனையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்காமல் ஓடினால் சரி. தேங்கினால் சரிவு போதவில்லை. பத்தடி நீளத்துக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும். தாங்கும் இரும்புப் பட்டை தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். குழாய் வாயில் கம்பி வலை வையுங்கள்.

தேங்கிய தண்ணீரை விட்டுவைக்காதீர்கள். டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும்.

மழையின் முதல் பத்து நிமிஷத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். புழுதி, பறவை எச்சம், ஆலைப் புகையின் கரி எல்லாம் அதோடு போய்விடும். பிறகு வருவதைத் தொட்டியில் பிடியுங்கள். மிச்சம் உறிஞ்சு குழிக்குப் போகட்டும். குடிப்பதானால் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். சிமெண்டு ஷீட் கூரைத் தண்ணீர் குடிக்க வேண்டாம். துவைக்கவும் செடிக்கும் போதும்.

ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் யாரும் ஏறக்கூடாது. சிமெண்டு ஷீட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும். மின்சாரக் கம்பி பக்கத்தில் போனால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்று பெரியவர்கள் கேட்பார்கள். தண்ணீர்ப் பஞ்சம் தீர அரசு அணை கட்டட்டும், குழாய் போடட்டும். நமது பங்கு ஒரு ஏணி, ஒரு துடைப்பம், அரை மணி நேரம். கூரை ஓரத்தைப் போய்ப் பாருங்கள்!