வாசலிலேயே மறந்துபோகும் விடைகள்

நீட் எழுத வரும் பிள்ளையின் சட்டைப் பொத்தானை அளந்து பார்க்க ஆள் இருக்கிறது. அந்தச் சோதனை பிள்ளையின் நினைவாற்றலை என்ன செய்கிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. முழுக்கைச் சட்டையைக் கத்தரித்தார்கள். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். 2017-இல் கண்ணூரிலும் 2022-இல் கொல்லம் மாவட்டம் ஆயூரிலும் மாணவிகளின் உள்ளாடை வரைக்கும் போனார்கள். ஆயூர் மாணவிகளுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று மறுதேர்வு நடத்தியது தேசியத் தேர்வு முகமை. அவமானம் மதிப்பெண்ணைத் தின்னும் என்று முகமையே ஒப்புக்கொண்டதாகத்தானே இதற்கு அர்த்தம்?

1998-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டி குவர்வேன், ரூசெண்டால், மெக்காஃப் ஆகிய மூவரும் பதற்றம் நினைவாற்றலை என்ன செய்கிறது என்று ஓர் ஆய்வு செய்தார்கள். நீர்த்தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க எலிகளைப் பழக்கினார்கள். மறுநாள் காலில் மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டு, அதே தொட்டியில் விட்டார்கள். அதிர்ச்சிக்கு 2 நிமிடம் கழித்து விட்ட எலிகளுக்கு மேடை இருந்த இடம் நினைவிருந்தது. 4 மணி நேரம் கழித்து விட்டவற்றுக்கும் நினைவிருந்தது. 30 நிமிடம் கழித்து விட்டவைதான் தடுமாறின. கற்றது அழிந்துவிடவில்லை, வேண்டிய நேரத்தில் வெளியே வரவில்லை. பதற்றத்தில் அட்ரீனல் சுரப்பி வெளிவிடும் ஹார்மோன் இரத்தத்தில் ஏற அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்த ஹார்மோன் சுரக்காதபடி மருந்து கொடுத்தபோது தடுமாற்றமும் இல்லை.

தேர்வு மையக் கடிகாரத்தைப் பாருங்கள். வாயிற்கதவு மூடுவது 1.30 மணிக்கு. தேர்வு தொடங்குவது 2 மணிக்கு. கடைசியாக உள்ளே நுழையும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது அதே 30 நிமிடம்!

எலி வேறு, மனிதர் வேறு என்பார்கள். டி குவர்வேன் குழு 2000-இல் மனிதர்களிடமும் பார்த்துவிட்டது. அதே வகை ஹார்மோனான கார்டிசோனை மாத்திரையாக விழுங்கியவர்களால் முந்தைய நாள் படித்த சொற்களைச் சரிவர நினைவுகூர முடியவில்லை.

‘டாக்டராகப் போகிறவருக்கு இந்தப் பதற்றம்கூடத் தாங்காதா?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே வீண். அறுவை அரங்கின் வாசலில் எந்த மருத்துவரின் சட்டைக் கையையும் யாரும் வெட்டுவதில்லை.

முறைகேட்டைத் தடுக்கத்தான் இத்தனையும் என்பது அடுத்த சால்ஜாப்பு. 2024-இல் ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அந்தத் தாள் எந்தப் பிள்ளையின் மூக்குத்திக்குள் ஒளிந்து போனது? காவலில் வைத்திருந்த இடத்திலேயே கோட்டைவிட்டவர்கள், பதினேழு வயதுப் பெண்ணின் காதணியில் வீரத்தைக் காட்டுகிறார்கள்.

180 கேள்வி, 180 நிமிடம்; தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. ஒரு கேள்வியில் ஆயிரக்கணக்கான இடங்கள் பின்னே தள்ளப்படும் தேர்வு இது. கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பவரையும் நிதானமாக உட்கார்ந்திருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்?

ஜேஇஇ முதன்மைத் தேர்வை ஆண்டுக்கு இருமுறை நடத்தி, இரண்டில் சிறந்ததை எடுத்துக்கொள்ள இதே முகமையால் முடிகிறது. பொறியாளருக்கு இரண்டு வாய்ப்பு, மருத்துவருக்கு ஒரே பிற்பகலா? ஆடை விதியைக் கைவிடட்டும். சோதனையைக் கருவியோடு நிறுத்தட்டும். நீட்டையும் இருமுறை நடத்தட்டும். அதுவரை வெளியாகும் எந்தத் தரவரிசையையும் தகுதிப் பட்டியல் என்று சொல்லிக்கொள்ள முகமைக்கு உரிமை இல்லை.