மஞ்சள் மகிமையும் மகர்பட்டா தூசியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. வீட்டுல விசேஷம், தங்கமணிக்கு இப்ப ஆறாம் மாசம்.

நாங்க இருக்கறது மகர்பட்டா. விவசாயக் குடும்பங்க நூத்துக்கு மேல ஒண்ணா சேர்ந்து, நிலத்தை வித்துட்டுப் போகாம தாங்களே கட்டின ஊர். உள்ளே மரமும் பூங்காவுமா நல்லாத்தான் இருக்கு. கேட்டைத் தாண்டி ஹடப்சர் பக்கம் வந்தாத்தான் சேதி தெரியும். லாரி, பஸ், டெம்போ... ரெண்டு நாள் துடைக்கலைன்னா பால்கனி கம்பி கருப்பா விரல்ல ஒட்டும்.

இதைப் பத்தி ஆபீஸ்ல புலம்பினப்ப பக்கத்து சீட்டு நண்பர் ஒரு காப்ஸ்யூல் சொன்னார். மஞ்சள், திராட்சை, கிரீன் டீ எல்லாம் சேர்ந்த ஆன்டிஆக்ஸிடன்டாம். "புகை ஒண்ணும் பண்ணாது பாஸ், குழந்தை மூளைக்குக் கவசம்"னார். மாசம் ரெண்டாயிரம் ரூபா. அதே வாரம் கோபியில இருந்து அம்மா போன். "கண்ணு, மஞ்சத்தூள் அனுப்பி உட்டிருக்கறேன். பால்ல போட்டுக் குடிக்கச் சொல்லு சாமி." ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க, விலைதான் வேற. சரி, படிச்சுத்தான் பாப்போமேன்னு உட்கார்ந்தேன்.

முதல்ல, பயம் பொய்யில்லை. நியூயார்க்ல கர்ப்பிணிகள் முதுகுல காத்தை அளக்கற கருவியை மாட்டி அனுப்பினாங்க. புகையில இருக்கற பிஏஹெச்ங்கற நச்சை அதிகமா சுவாசிச்ச அம்மாக்களோட குழந்தைகளுக்கு 5 வயசுல ஐக்யூ 4 புள்ளி அளவுக்குக் குறைவு. 2009ல கொலம்பியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. நம்மூர்லயும் சென்னை ஸ்ரீராமச்சந்திராக்காரங்க தமிழ்நாட்டுல 1285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, காத்துல நுண்துகள் கூடக்கூட குழந்தையோட பிறப்பு எடை குறையறதை 2018ல காட்டினாங்க.

அப்ப மஞ்சள் காப்பாத்துமா? எலிங்களை ஓரளவு காப்பாத்தியிருக்கு. ஈயம் கொடுத்த எலிக்குக் குர்குமினும் சேர்த்துக் கொடுத்தா மூளைச் சேதம் குறையுதுன்னு ஆய்வுகள் இருக்கு. ஆனா எலிக்குக் கொடுக்கற அளவு வேற, நம்ம சாம்பார்ல விழற அளவு வேற. மஞ்சள்ல குர்குமின் இருக்கறதே நூத்துக்கு மூணு பங்குதான், அதுவும் லேசுல ரத்தத்துல சேராது. மிளகுல இருக்கற பைப்பரின் சேர்ந்தா 20 மடங்கு சேரும்னு 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில கண்டுபிடிச்சாங்க. மஞ்சள் பால்ல மிளகு தட்டிப் போட்ட பாட்டி பேப்பரெல்லாம் எழுதலை, அவ்வளவுதான்.

செடியில இருந்து வந்ததுன்னா கெடுதலே இல்லைன்னு நினைக்காதீங்க. திராட்சைத் தோல்ல இருக்கற ரெஸ்வெரட்ராலைக் கர்ப்பமான குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. தாய்க்கு நல்லதுதான் நடந்துச்சு, ஆனா குட்டியோட கணையம் வழக்கத்துக்கு மாறா பெருத்துடுச்சு. இது 2014ல வந்தது. சாப்பாட்டுல வர்ற திராட்சை வேற, காப்ஸ்யூல்ல அடைச்ச சாறு வேற.

இனிமேதாங்க என் வயித்தைக் கலக்கின விஷயம். பங்களாதேஷ்ல கிராமத்துக் கர்ப்பிணிகள் ரத்தத்துல ஈயம் எங்கிருந்து வருதுன்னு தேடினாங்க. பெட்ரோலா? பெயின்ட்டா? கடைசியில பார்த்தா மஞ்சள்! கிழங்கு பளிச்சுனு தெரியணும்னு லெட் குரோமேட் சாயத்தை ஏத்தியிருக்காங்க. பாத்திரத்துக்குப் பூசற வெள்ளீயம் இல்லீங்க, காரீயம். 2024ல வந்த ஆய்வு இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் மஞ்சளையும் சோதிச்சது. நம்ம சட்டம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைதான் ஈயத்தை அனுமதிக்குது. பாட்னா மாதிரி எடுத்ததுல ஆயிரத்தையும் தாண்டிப் போயிருக்கு.

அதாவது, மூளைக்குக் கவசம்னு நாம பால்ல கலக்கற பொடியிலயே மூளையைக் கெடுக்கற விஷம் இருக்கலாம். ஈயம் தொப்புள்கொடி வழியா நேரா குழந்தைகிட்டப் போகும். கால்சியம்னு ஏமாந்து உடம்பு அதை எலும்புல சேர்த்து வெச்சிருக்கும். கர்ப்பத்துல எலும்பு கரையறப்ப அதுவும் வெளிய வரும்.

என் கருத்து இதுதான். காத்தைக் கெடுத்தது ஒருத்தன், மஞ்சள்ல சாயம் ஏத்தினது இன்னொருத்தன். ஆனா சரி பண்ற பொறுப்பு மட்டும் கர்ப்பிணியோட தட்டுல வந்து விழுது. "நீ சரியா சாப்பிடலை"ன்னு நாளைக்குச் சொல்றதுக்கும் வசதி. விஷத்தை நிறுத்தறதை விட்டுட்டு மாத்து மருந்து தேடறது, குழாயை மூடாம வீட்டைத் துடைக்கற கதை.

நிறுத்த முடியாதான்னா, முடியும். பங்களாதேஷ் 2019ல வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு, ஊரெல்லாம் எச்சரிக்கை பண்ணுச்சு. கலப்பட மஞ்சள் சந்தையில 47 சதவீதமா இருந்தது 2021ல பூஜ்யம்! நாமளும் 2000ல பெட்ரோல்ல இருந்து ஈயத்தை எடுத்தோமே.

எங்க வீட்டுல? காப்ஸ்யூல் வாங்கலை. இங்க கடையில தூக்கலான மஞ்சள் நிறத்துல உதிரியா வாங்கி வெச்சிருந்த பொடி குப்பைக்குப் போயிடுச்சு. அம்மா அனுப்பினது நம்ம தோட்டத்துக் கிழங்கு, வீட்டுலயே வேக வெச்சு அரைச்சது, அதனால அது சமையலுக்கு. தங்கமணி வாரம் மூணு நாள் வீட்டுலிருந்தே வேலை. டாக்டர் கொடுத்த கால்சியம், இரும்பு மாத்திரையை மறக்கறதில்லை. மெக்சிகோவில தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்ததுல கர்ப்பிணிகள் ரத்தத்துல ஈயம் சராசரியா 11 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மா கொடுக்கற சாதா மாத்திரைதாங்க. ரெண்டாயிரம் ரூபா காப்ஸ்யூலுக்கு அந்தச் சாட்சி கூடக் கிடையாது.

நீங்களும் இன்னைக்கு உங்க மஞ்சள் டப்பாவைத் திறந்து, அது எங்கிருந்து வந்ததுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. மாத்திரை விஷயமெல்லாம் உங்க டாக்டர்கிட்டக் கேட்டுக்குங்க.