விந்தணு அல்ல, வெள்ளணு

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணிடமிருந்து எச்ஐவி பரவாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விந்தணுவே வராதபோது வைரஸ் எப்படி வரும் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியில் அர்த்தமிருக்கிறது, பதில் மட்டும் அவர்கள் நினைப்பதுபோல் இல்லை.

விந்தில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் திரவம். ஆபரேஷனில் வெட்டப்படும் குழாய்க்கும் இந்தத் திரவத்துக்கும் தொடர்பில்லை. திரவத்தோடு நோய் எதிர்ப்புக்கான வெள்ளணுக்களும் வருகின்றன, நலமாக இருக்கும் ஆணுக்கும்தான். அவற்றில் டி செல்களும் மேக்ரோபேஜ்களும் உண்டு. எச்ஐவி குடியேறிப் பெருகுவது இவற்றுக்குள்ளேதான். ஆக, விந்தில் வைரஸ் இரண்டு வகையில் இருக்கிறது: திரவத்தில் தனியாக மிதந்தபடியும், வெள்ளணுவுக்குள் மறைந்தபடியும். இரண்டில் எது அதிகம் பரப்புகிறது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

விந்தணு முக்கியக் குற்றவாளி இல்லை என்பதை நடைமுறையில் காட்டியவர் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர் அகஸ்டோ செம்ப்ரினி. கணவருக்குத் தொற்று, மனைவிக்கு இல்லை, ஆனால் குழந்தை வேண்டும் என்று வந்த தம்பதிகளுக்காக அவர் விந்தைக் கழுவினார். அடர்த்தியான கரைசலின் மேல் விந்தை ஊற்றிச் சுழற்றினால் விந்தணுக்கள் அடியில் இறங்கும்; திரவமும் வெள்ளணுக்களும் மேலே தங்கிவிடும். அடியில் இருப்பதை எடுத்துப் புதிய திரவத்தில் விட்டு, நீந்தி மேலே வருகிறவற்றை மட்டும் பயன்படுத்தினார். 1992-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் எந்த மனைவிக்கும் தொற்று ஏற்பட்டிருக்கவில்லை.

வெள்ளணுக்கள் கூடினால் வைரஸும் கூடும். வெட்டை போன்ற பால்வினை நோய் வந்தால் சிறுநீர்க் குழாயில் அழற்சி உண்டாகி வெள்ளணுக்கள் அங்கே திரளும். மலாவியில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், எச்ஐவியோடு இந்த அழற்சியும் இருந்த ஆண்களின் விந்தில் வைரஸ் எட்டு மடங்கு அதிகமாக இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் இறங்கியது. வெட்கப்பட்டு வெட்டை நோயை மறைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இப்போது பலரைக் கலங்கவைக்கும் செய்திக்கு வருவோம். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலைக்கு வந்த சிலரின் விந்திலும் தொற்றுள்ள வெள்ளணுக்கள் அகப்படுகின்றன. அப்படியானால் மருந்து பயனற்றதா? இல்லவே இல்லை. வெள்ளணுவுக்குள் வைரஸின் மரபுப்பொருள் கிடப்பது வேறு, அது இன்னொருவருக்குத் தொற்றுவது வேறு. அந்த மரபுப்பொருளில் பெரும்பகுதி பழுதானது.

தொற்றியதா இல்லையா என்று நேரடியாக எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். சென்னை, புனே நகரங்கள் உட்பட, ஒன்பது நாடுகளின் தம்பதிகள் பங்கேற்ற ஹெச்பிடிஎன் 052 ஆய்வு, உடனே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைவதை 2011-இல் காட்டியது. 2016-இல் வெளியான ஐரோப்பாவின் பார்ட்னர் ஆய்வு இன்னும் தெளிவு. ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிரதிகளுக்குக் கீழே இருந்தவர்கள் ஆணுறையின்றி ஏறத்தாழ 58,000 முறை உறவுகொண்டார்கள்; துணைக்குப் பரவியது ஒருமுறைகூட இல்லை.

ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். மற்ற பால்வினை நோய்களை ஏஆர்டி தடுக்காது, அதற்கு ஆணுறைதான். அரசு ஏஆர்டி மையங்களில் வைரஸ் அளவுப் பரிசோதனை இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போய் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.