திங்கட்கிழமைப் பிழை

கணிப்பொறி பழுதானால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? அணைத்துவிட்டு மீண்டும் போடுகிறோம். ஓடினால், சரியாகிவிட்டது என்கிறோம். ஓடுவது வேறு, சரியாவது வேறு என்பது என் கருத்து. இதைச் சென்ற கோடை விடுமுறையில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் எடுபிடி வேலை பார்த்தேன். ஆறு மேசைகளுக்கும் பொதுவாக மூலையில் ஒரு பழைய சர்வர். அதில் விண்டோஸ் சர்வர் 2003. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2015 ஜூலையிலேயே நிறுத்திவிட்டதால் இணையத் தொடர்பு கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்த மட்டில் நல்ல புத்திதான்.

சில நாள் காலையில் அது கறுப்புத் திரையோடு நின்றுவிடும். சீமாஸ் செக்சம் பிழை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மூத்த எழுத்தர் அண்ணன், "எஃப் ஒன்ன அமுக்கு தம்பி, ஓடும்" என்பார். ஓடும். மின்னழுத்தக் கோளாறு என்று யாரோ சொல்லி ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தார்கள். இன்னொருவர் சொல்லி ராமை மாற்றியிருந்தார்கள். பணம் போயிற்றே தவிரப் பிழை போகவில்லை.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டிச் சர்வருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். தேதி, கிழமை, திரையில் வந்த வரி, யார் என்ன செய்தார் என்பவை அதில் ஏறின. அண்ணன் சிரித்தார், ஆனால் எழுதினார். ஐந்து வாரத்தில் ஐந்து பிழை. ஐந்துக்கும் நேரே கிழமை: திங்கள்.

மற்ற இரவுகளில் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். சனி மாலை மட்டும் மெயினையே அணைத்துவிட்டுப் போவார்கள். மின்சாரம் அறவே இல்லாதபோது கடிகாரத்தைக் காப்பது உள்ளே மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி. அது தீர்ந்துபோயிருந்தது.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் அலட்சியமாக இருந்தேன். அதே வாரம் புதன்கிழமை, கைதவறி ஒரு பார்ட்டியின் ஐந்தொகைக் கோப்பை அழித்துவிட்டேன். வேறு மேசையிலிருந்து சர்வரில் அழித்தால் அது குப்பைக்கூடைக்கும் போகாது. காப்புப் பிரதி எடுத்த வட்டைத் தேடினால் சனிக்கிழமைக் கோப்புதான் இருக்கிறது! திங்கள் செய்த வேலை எங்கே?

எஃப்1 அழுத்தி ஓடிய சர்வரின் கடிகாரம் 2005 ஜனவரி 1 என்று காட்டும். யாராவது பார்த்துத் திருத்த மதியம் ஆகிவிடும். அதுவரை சேமித்த கோப்புகளுக்கெல்லாம் 2005ஆம் ஆண்டுத் தேதி. இரவில் பிரதி எடுத்த எக்ஸ்காப்பி கட்டளையோ, பிரதியை விடப் புதிய தேதி உள்ள கோப்பை மட்டும் எடுக்கும்படி எழுதப்பட்டது. பழைய தேதியைப் பார்த்து அது ஒதுக்கிவிட்டது. எத்தனை திங்கட்கிழமைகளில் எத்தனை கோப்புகளோ! இரண்டு பேர் இரண்டு இரவு உட்கார்ந்து அந்த ஐந்தொகையை மீண்டும் போட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

முதலில் தேதி பார்க்காமல் எல்லாக் கோப்புகளையும் பிரதி எடுத்தோம். பிறகே பெட்டியைத் திறந்து பேட்டரியை மாற்றினோம். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

புதுச் சர்வரே வாங்கிவிடலாமே என்பீர்கள். வாங்கத்தான் வேண்டும், 2015லேயே வாங்கியிருக்க வேண்டும். ஆனால் பிழை சொன்னதைப் படிக்காமல் பொத்தானை அமுக்கும் விரல் புதுச் சர்வருக்கும் அதே விரல்தானே? அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அந்த வரிக்குப் பொருள் என்னவென்று அவருக்கு யார் சொன்னார்கள்? கணினி அறிவியல் படிக்கும் நாமோ, நம் ஆய்வகத்தில் செய்தி தோன்றிய மறுகணமே பவர் பொத்தானைத் தேடுகிறோம்.

பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில் ஒரு பிழைச் செய்தியைக் கொடுத்து, காரணம் தேடச் சொல்லி ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால் என்ன? ஆய்வகத்தில் வரிசைக்கு ஒரு நோட்டும் தொங்கட்டும். நாற்பது பக்கம் போதும். வாங்கித் தர நான் தயார்.