பாட்டு வேணும், ஆளு வேணாம்!

எங்கப்பன் தேவதானப்பட்டியில் தப்பு அடிச்சவர். எண்பதுகளில் எங்கள் பக்கத்து டீக்கடை ஒன்றில் காலையிலிருந்து ராத்திரிவரை இளையராஜா கேசட் ஓடும். அந்தப் பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டே கடைக்காரர் எங்கப்பனுக்குத் தனி கிளாசில் டீ ஊற்றுவார். குடித்துவிட்டு எங்கப்பனே கழுவிக் கவிழ்த்து வைக்கணும். பாட்டு பாட்டுக்கு ஓடும்.

'இசைக்கு ஏதுங்க சாதி?' என்று மேடையில் உருகுகிற சாதி இந்துக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிளாஸ்தான் ஞாபகம் வருகிறது.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனும் தம்பி ராசையாவும் எங்கள் பள்ளத்தாக்கின் குரல்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டக் கூலிகள் மத்தியில் பாவலர் பாடினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பிறகு தம்பியும் கச்சேரிக்குப் போனார். குரல் உடையாத பையன், பெண்குரலில் பாடினார். சினிமா மெட்டை எடுத்து அதில் கூலியையும் பசியையும் வைத்துப் பாடியவர் பாவலர். சினிமாவிடம் அண்ணன் வாங்கிய கடனை 1976இல் 'அன்னக்கிளி'யில் தம்பி வட்டியோடு அடைத்தார்.

இன்றைக்கு அவரை ஞானி, சித்தர், தெய்வம் என்கிறார்கள். 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி வாசித்தபோது நானும்தான் கை தட்டினேன். ஆனால் தெய்வமாக்குவதில் ஒரு சூது இருக்கிறது. தெய்வத்துக்கு ஊரும் கிடையாது, தெருவும் கிடையாது. அவருக்கே சாதி சொல்லி அழைப்பது பிடிக்காது. அது அவர் உரிமை. என் சண்டை அவரோடு இல்லை. தெருவை அழித்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களோடு.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. சாம் மூர், டேவ் பிரேட்டர் என்ற இரண்டு கறுப்பர்கள் 1967இல் 'சோல் மேன்' பாடினார்கள். அந்த வருஷம் டெட்ராய்ட் கலவரத்தில் கறுப்பர்கள் தங்கள் கடைகள் எரியாமலிருக்கச் சுவரில் 'சோல்' என்று எழுதி வைத்ததிலிருந்து பிறந்த பாட்டு அது. 1978இல் கறுப்புக் கண்ணாடி மாட்டிய இரண்டு வெள்ளை நகைச்சுவை நடிகர்கள் அதையே பாடிக் கொடி நாட்டினார்கள். பாட்டு கைமாறிவிட்டது. எரிந்த தெரு யாருக்கு ஞாபகம்?

கல்லூரித் தம்பி தங்கைகளே, ராஜா பாட்டு ஆயிரம் தெரியும் உங்களுக்கு. பாவலர் பாட்டு ஒன்று தெரியுமா?

எங்கப்பன் செத்தப்ப அந்தக் கடைக்காரர் மகன் வந்திருந்தார். நல்ல மனுசன்தான். 'உங்கப்பாவுக்கு ராஜா பாட்டுன்னா உசுராச்சே' என்றார். இல்லீங்க. கட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்து கேட்ட பாவலர் பாட்டைத்தான் எங்கப்பன் கடைசிவரை முணுமுணுத்தார். அது உங்க கடையில் ஒருநாளும் ஓடினதில்லை.