குசினிப் புகை விதியன்று

நாட்டுப் பிரச்சினைகள் என்று நாம் எழுதிக் குவிப்பவற்றுள் அடுப்புக்கு இடமில்லை. நிலம், கூலி, மொழி, கல்வி ஆகியவை பற்றி வாதாடுகிறோம், வாதாடவும் வேண்டும். ஆனால் வாதம் முடிந்து வீடு திரும்பியதும் நாம் உண்கின்ற சோறு எவருடைய கண்ணீரில் வெந்தது என்று கேட்பதில்லை. யாரேனும் கேட்டுவிட்டால், "அது பெண்கள் பாடு" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் வாயிலிருந்தும் இவ்விடை வருவதுதான் வேதனை. இதனை நாம் ஏற்க மறுக்கிறோம். அடுப்பங்கரைப் புகை ஒரு சமுதாயப் பிரச்சினை. அறியாமையும் அலட்சியமும் வறுமையும் சேர்ந்து அதனை வளர்க்கின்றன; தலைவிதிக்கு அதில் பங்கில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானவை விறகிலேயே சமைத்தன. உலகெங்கும் வீட்டுப் புகையினால் 2020இல் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நெருப்பில் கருகியவர்கள் அல்லர் இவர்கள். புகையைச் சுவாசித்து, நுரையீரலும் இருதயமும் சீர்கெட்டு, ஓசையின்றி மடிந்தவர்கள். ஒரு போரில் இத்தனை பேர் இறந்தால் உலகம் அலறும். குசினியில் இறந்தால், "அவளுக்கு எப்போதும் இளைப்புத்தானே" என்று கூறி அடக்கம் செய்துவிடுகிறோம்!

புகை என்பது யாது? எரியாமல் தப்பிய விறகே புகை. விறகு சூடேறும்போது அதன் பெரும்பகுதி வாயுக்களாக மாறி வெளியேறுகிறது. அவ்வாயுக்கள் போதிய வெப்பத்தையும் ஒட்சிசனையும் பெற்றால் சுவாலையாகின்றன. பெறாவிடின் புகையாகிச் சுவரிலும் சுவாசப்பையிலும் படிகின்றன. ஆகவே புகைகின்ற அடுப்பு இருமுறை கொள்ளையடிக்கிறது: சுமந்து வந்த விறகில் ஒரு பங்கைப் பயனின்றி ஓட்டுக்கு மேலே அனுப்புகிறது, எஞ்சியதற்கு விலையாகச் சமைப்பவளின் மூச்சைப் பிடுங்குகிறது. சிக்கனமும் சுகாதாரமும் இங்கே இரு வழிகள் அல்ல. புகை குறைய விறகும் குறையும்.

இந்த உண்மையிலிருந்தே அடுப்பு மூட்டும் முறை முழுவதும் பிறக்கிறது. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். உறைநிலையிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேலான வெப்பம் அந்நீரை ஆவியாக்கத் தேவை. சோற்றுக்குச் சேரவேண்டிய வெப்பம் விறகை உலர்த்துவதில் செலவாகிறது, தீ குளிர்கிறது, வாயுக்கள் எரியாமல் தப்புகின்றன. எனவே விறகைக் கைப்பருமனுக்குப் பிளந்து, நிலத்தில் படாமல் உயர்த்தி, கூரையின்கீழ் காற்றோட்டமாக அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். மழைக்காலத்து விறகைக் கோடையிலேயே சேமிப்பது பழையோர் வழக்கம், அது விஞ்ஞானமுமாகும்.

அடுத்தது காற்று. அடுப்பு வாயை விறகால் அடைத்துவிட்டு ஊதுகுழலால் உயிரை ஊதுவதில் பயனில்லை. விறகுக்கு அடியில் ஓர் இரும்புத் தட்டியேனும் இரண்டு ஓட்டுத் துண்டுகளேனும் வைத்தால் கீழிருந்து காற்று ஏறும். சாம்பலை நாள்தோறும் வாரினால் அவ்வழி அடையாது. விறகின் நுனி மட்டும் எரிய, எரிய எரிய உள்ளே தள்ளுவதே முறை. பானை தீயின்மேல் அமுங்கினால் சுவாலை அதன் அடியிற் பட்டுக் குளிர்ந்து கரியாகும். மிக உயர்ந்தால் வெப்பம் பக்கவாட்டில் ஓடிவிடும். சுவாலையின் நுனி பானையின் அடியைத் தழுவ வேண்டும். பானை கொதித்த பின்னர் எவ்வளவு விறகைத் திணித்தாலும் நீரின் வெப்பநிலை ஏறாது. அப்போது கொள்ளியை வெளியே இழுத்து, மூடியிட்டு, தணலில் வேகவிடுவதே அறிவு. பயறும் கடலையும் இரவே ஊறினால் காலையில் விறகு மிஞ்சும்.

தீ மூட்டுவதற்குக் காவோலையும் பன்னாடையும் சிரட்டையும் பொச்சுமட்டையும் இருக்கப் பொலித்தீன் பைகளைக் கொளுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. அது விளைவிப்பது நஞ்சு. எரிகின்ற அல்லது தணல் உள்ள அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது மரணத்துக்கு விடுக்கும் அழைப்பு. முந்தானையை இறுகச் செருக வேண்டும். கிடுகுக் கூரைக்கும் அடுப்புக்கும் நல்ல இடைவெளி வேண்டும். உலர விறகை அடுப்பின்மேல் பரணில் அடுக்குதல் தீவிபத்துக்கு வழி. தணல் கிடக்கும் அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிருக்காகக் கதவை அடைத்து உறங்குவது மலையகத்தார் குறிப்பாக அஞ்சவேண்டிய செயல்: நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு உறங்குபவரை எழுப்புவதில்லை. தீப்பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். பற்பசையும் எண்ணெயும் பூசுவது கேடு.

இவ்வளவையும் கூறியதும் சிலர் மகிழ்ந்துவிடக்கூடும். "பார்த்தீர்களா, பெண்களின் கவனக்குறைவே காரணம், அவர்களுக்குப் போதனை செய்தால் போதும்" என்பார்கள். அவர்களுக்கே நம் கேள்வி. உலர்ந்த விறகு வேண்டும் என்கிறீர்கள். அதனை அடுக்க ஒரு கொட்டில் எங்கே? புகை வெளியேற வேண்டும் என்கிறீர்கள், சாளரம் எங்கே? தோட்டங்களின் லயங்களைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம்; முதுகோடு முதுகு ஒட்டிய மற்றோர் அறையில் இன்னொரு குடும்பம். வெள்ளைத்துரை கட்டிய காலத்தில் புகைபோக்கி துரையின் பங்களாவுக்கே உரியதாயிற்று. தொழிலாளியின் லயத்துக்கு அது தேவையெனத் தோன்றவில்லை. அந்த லயங்களில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். கொழுந்து பறித்துக் களைத்து வந்தவளிடம், "அம்மா, சாளரத்தைத் திற" என்று உபதேசிப்பது கொடிய நகைச்சுவை அன்றோ?

வேறு சிலர், "விறகடுப்பைப் பற்றி இனியும் ஏன் பேசவேண்டும்? எரிவாயு வந்துவிட்டதே!" என்கின்றனர். எரிவாயு நன்று, அது எல்லோர்க்கும் கிட்டவேண்டும் என்பதே நம் கோரிக்கையும். ஆனால் நடந்ததை மறக்கலாகாது. 12.5 கிலோ சிலிண்டரின் விலை 2021 அக்டோபரில் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவாக ஏறிற்று. அவ்வாண்டு இறுதியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. கலவையில் ஏற்பட்ட மாற்றமே காரணமென அரசு அமைத்த குழு கூறிற்று. 2022 ஏப்ரலில் விலை 4,860 ரூபா. அவ்விலைக்கும் சிலிண்டர் கிடையாமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மாடிவீட்டாரும் கல் மூன்று தேடினர். விறகு மூட்டும் பழக்கமற்ற கைகள் புகையில் தடுமாறின. 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அற்றுக் கிடந்த யாழ்ப்பாணம் இதே பாடத்தை முன்னரே கற்றிருந்தது. டொலரில் வாங்கும் எரிபொருளை மட்டும் நம்பிய குசினி, டொலர் தீரும் நாளில் அணைந்துபோகும்.

"விறகெரிப்போரே காட்டை அழிக்கிறார்கள்" என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. மலைநாட்டுப் பெருங்காடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டி வீழ்த்தியது எந்தக் குசினி? இன்று ஏழையின் அடுப்பில் எரிவதிற் பெரும்பகுதி தென்னை மட்டையும் பனை மட்டையும் இறப்பர் கொம்பும் வேலிக் கதியாலின் கிளைகளுமே. குற்றவாளியை விட்டுவிட்டு, சுள்ளி பொறுக்குபவளைக் கூண்டில் ஏற்றாதீர்கள்!

புகை கூரையின் கிடுகைக் காக்கிறது, பூச்சியை விரட்டுகிறது என்போரும் உளர். உண்மைதான். கிடுகுக்குக் கிடைக்கும் அந்த ஆயுள் தாயின் ஆயுளிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை.

வழி இல்லாமலில்லை. ஒரே தீயில் இரு பாத்திரங்களைச் சூடாக்கும் 'அனகி' என்ற மண்ணடுப்பு 1980களில் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. நம்நாட்டுக் குயவர்களே அதனை வனைகிறார்கள். மூன்று கல் அடுப்பிலும் குறைந்த விறகு அதற்குப் போதும். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது; ஆகையால் அது மட்டும் போதாது. கூரைக்கு மேலே உயர்ந்து, அடிக்கடி கரி நீக்கப்படும் புகைபோக்கியும், எதிரெதிரே இரு சாளரங்களும் வேண்டும். அரசாங்கப் பணத்திற் கட்டப்படும் எந்த வீட்டுத் திட்டமும் இவையின்றி அங்கீகாரம் பெறலாகாது. இது சலுகை அன்று, உரிமை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தகனம் பற்றிய பாடத்தில் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் காட்டுகிறீர்கள். மாணவனின் வீட்டில் நாள்தோறும் மும்முறை நிகழும் தகனத்தைப் பற்றி ஏன் மௌனம்? உலர்ந்த கட்டையையும் ஈரக் கட்டையையும் வகுப்பின்முன் எரித்துக் காட்டுங்கள். மறைபொருள் என்று கருதிய விஞ்ஞானம் குசினிக்குள் நுழைந்துவிடும். மாணவர்களுக்கும் ஒரு சொல். விறகு பிளப்பதும் சாம்பல் வாருவதும் புகைபோக்கி துடைப்பதும் ஆண்பிள்ளையின் கௌரவத்துக்கு இழுக்கு என்று எந்த நூலிலும் எழுதப்படவில்லை. சமத்துவம் பற்றிய கட்டுரையில் முதற்பரிசு பெற்றவன், தாய் இருமும் ஓசை கேட்டும் அடுத்த அறையில் அமர்ந்திருப்பானாயின், அவன் கற்றது என்ன?

புகைக்குப் பழகிவிட்டோம் என்பது நியாயம் ஆகாது. அடிமைத்தனத்துக்கும் மனிதர் ஒருகாலத்திற் பழகியே இருந்தனர். இன்று மாலை நம் வீட்டு அடுப்பு மூட்டப்படும்போது நாமும் அருகே சென்று, அந்தப் புகை எங்கிருந்து எழுகிறது, எங்கே போகிறது, எவர் நெஞ்சில் தங்குகிறது என்று பார்ப்போம். பார்த்தபின் வாளாவிருத்தல் நம்மால் இயலாது.