"நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க!"

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்!"

இந்த வசனத்தைக் கேட்காத வீடு உண்டா, சகோதரிகளே? மலைக்கோவில் என்றாலும் சரி, மாடி ஹாலில் கல்யாணம் என்றாலும் சரி, வயதான அம்மாவோ மாமியாரோ முந்திக்கொண்டு இப்படிச் சொல்லிவிடுவார்கள். நாமும், "சரி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருஷம் வரை.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவும் நானும் சான் பிரான்சிஸ்கோ பக்கம் போயிருந்தோம். அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்தபடி நடந்து ரசம் வைத்துவிடுவாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். வெளியே கொஞ்ச தூரம் நடந்தாலோ, உட்கார இடம் தேடுவாள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் மாப்பிள்ளை, "ஞாயிற்றுக்கிழமை மியூர் வுட்ஸ் காட்டுக்குப் போய் வரலாம்" என்றார். அம்மா உடனே தன் வசனத்தைச் சொன்னாள். நானும் உடனே, "சரிம்மா" என்றேன்.

ராத்திரி பாத்திரம் துடைத்துக்கொண்டே தங்கை கேட்டாள்: "ஏங்க்கா, அம்மா வரலைன்னதும் அவ்வளவு சீக்கிரமா சரின்னுட்டியே?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா 'வரலை' என்றது எனக்குச் சௌகரியமாக இருந்தது!

"அங்கே பாதை சமமா இருக்கும்க்கா. வீல்சேர் போகும்" என்றாள் தங்கை. மறுநாள் மாப்பிள்ளை தெரிந்தவர் வீட்டிலிருந்து மடக்கு சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார்.

அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "நான் என்ன சீக்காளியா?"

"ஏர்போர்ட்டில மட்டும் ஜம்முனு உட்கார்ந்து வந்தியேம்மா?"

"அங்கே எல்லாரும் உட்கார்றாங்க. இங்கே நான் மட்டும் உட்கார்ந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

தங்கை குழந்தையைக் காட்டினாள். "இதோ, உன் பேரனும் வண்டியிலதானே வரப்போறான்? உனக்குத் துணை!"

அம்மா சிரித்துவிட்டாள்.

கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே சுமார் 12 மைலில் இருக்கிறது அந்தக் காடு. ரெட்வுட் என்றால் நம் ஊர்ச் செம்மரம் அல்ல. உலகிலேயே மிக உயரமாக வளரும் மர வகை இது. இந்தக் காட்டில் 250 அடியைத் தாண்டிய மரமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோவில் விமானமே 200 அடிக்குச் சற்று மேல்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பெரும்பாலான மரங்களுக்கு வயது 600 முதல் 800 வருஷம்.

இதைக் காப்பாற்றியது ஒரு தம்பதி. வில்லியம் கென்ட், அவர் மனைவி எலிசபெத். 1905-ல் 45,000 டாலர் கொடுத்து 611 ஏக்கரை வாங்கினார்கள். பிறகு ஒரு தண்ணீர்க் கம்பெனி அங்கே அணை கட்டப் பார்த்தபோது, 295 ஏக்கரை அரசாங்கத்துக்கே தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 1908 ஜனவரியில் அது தேசியச் சின்னமானது. தங்கள் பெயர் வேண்டாம், இயற்கை ஆர்வலர் ஜான் மியூரின் பெயர் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாராம் கென்ட்!

ஓடைக்கரையை ஒட்டிப் போகும் முக்கியப் பாதை கிட்டத்தட்டச் சமதளம். பல இடங்களில் தரைக்கு மேலே மரப்பலகை பாவியிருக்கிறார்கள். ரெட்வுட்டின் வேர் ஆழமாக இறங்காது, பக்கவாட்டில் பரவும். லட்சக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகினால் வேருக்குக் கெடுதல். பலகை போட்டதால் வேரும் பிழைத்தது, சக்கரமும் உருண்டது.

முன்னால் பேரனின் வண்டி, பின்னால் பாட்டியின் வண்டி. முதல் பத்து நிமிஷம் அம்மா தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, அவளும் சக்கர நாற்காலியில். அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். அம்மாவும் அசைத்தாள். அதற்கப்புறம் தலை நிமிர்ந்தது. மரத்தின் உச்சி தெரிகிறதா என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள்.

ஓரிடத்தில் மரங்கள் வட்டமாகச் சுற்றி நின்றன. நடுவே வெற்றிடம். "தாய் மரம் போயிட்டாலும் அதோட அடியிலேர்ந்து குட்டி மரங்கள் இப்படிச் சுத்தி முளைக்குமாம், அத்தை" என்று மாப்பிள்ளை விளக்கினார்.

"இதென்ன அதிசயம், மாப்பிள்ளை? நம்ம கொல்லையில வாழை செய்யறதுதானே!" என்றாள் அம்மா.

எத்தனை பேர் அந்த மரங்களைப் பார்த்திருப்பார்கள்! வாழையடி வாழை அம்மாவுக்குத்தான் தெரிந்தது. அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் இதை யார் எங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்?

சுமார் அரை மைலில் 'கதீட்ரல் தோப்பு'. பேசாமல் வரச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். சரியாக அங்கேதான் எங்கள் வீட்டுச் சின்னவர் வீறிட்டார்! அம்மா கையை நீட்டி வாங்கி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். இரண்டே நிமிஷத்தில் தூங்கிவிட்டான். அங்கிருந்தே திரும்பினோம். அவசரப்படாமல் போய்வர ஒன்றரை மணி நேரம்.

போகிறவர்கள் கவனிக்க:

* கார் நிறுத்தவும், ஷட்டில் பஸ்ஸுக்கும் 2018 முதல் முன்பதிவு கட்டாயம். அங்கே செல்போன் சிக்னல் கிடைக்காது. பதிவுச் சீட்டை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* மலைப்பாதை வளைந்து வளைந்து போகும். வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்டு. வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம்.

* கழிப்பறை நுழைவாயில் பக்கம்தான். முடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

* பாதையில் தண்ணீர் மட்டும்தான் அனுமதி. எங்கள் புளிசாதம் காரிலேயே காத்திருந்தது!

* கோடையிலும் குளிரும். நடப்பவருக்குத் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நடுங்கும். சால்வை, சாக்ஸ் அவசியம்.

* மலைச்சரிவில் ஏறும் கிளைப் பாதைகளில் படிகள் உண்டு. சக்கர நாற்காலிக்கு ஆகாது.

சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு: ஏறும்போதும் இறங்கும்போதும் முதலில் பிரேக், பிறகு கால் பலகையை மடக்கவேண்டும், அதன் மேல் காலை ஊன்றி எழுந்தால் நாற்காலி கவிழும். கைப்பிடியில் கனமான பையை மாட்டாதீர்கள். எழுந்ததும் நாற்காலி பின்னால் சாயும். செங்குத்தான சரிவில் பின்பக்கமாகத் திரும்பி மெல்ல இறக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "நகர்த்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். அவர்கள் சாமான் அல்லவே!

அமெரிக்கா போகாதவர்களுக்கும் இது பொருந்தும். எங்கே கிளம்பினாலும் முன்கூட்டியே நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை படி? பாதை சமமா? கழிப்பறை எங்கே? நடுவில் உட்கார இடம் உண்டா? பதில் சரியாக இருந்தால், 'வரலை' என்பவரை இன்னொரு தரம் கூப்பிடுங்கள். முதல் தரம் மறுப்பது நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்றுதான்.

ஊர் திரும்பி ஒரு மாதம் இருக்கும். சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிக்காக 2022-ல் கடல் வரை மரப்பாதை போட்ட செய்தியை அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை ஒண்ணுமில்லையே? போயிட்டு வரலாமா?"